வலக்கையின் வரலாறு: திருவனந்தபுரம் வீணைப் பாணியை முன்வைத்து

வீணையின் வரலாற்றை எழுதப் புகும் நாம் கமகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மீட்டைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். கமகம் இடக்கையின் தொழில். மீட்டு வலக்கையின் தொழில். ஒரு வைணிகரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறியச் செய்வதில் மீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. திருவனந்தபுரம் பாணி என வழங்குவதை இக்கோணத்தில் அணுகுவதே இப்பதிவின் நோக்கம்.

வீணையில் வாசிப்புத் தந்திகள் நான்கு. தாளம் காட்டும் பக்கசாரணித் தந்திகள் மூன்று. சுட்டுவிரலும் நடுவிரலும் முன்னவற்றை மீட்ட, சுண்டுவிரல் பின்னவற்றைத் தொடுகிறது. மீட்டிய ஒலி எழுந்த கணமே தேயத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு வைணிகரும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: சாகித்தியத்தின் எழுத்து விழும் இடந்தோறும் மீட்டுவதா, அல்லது தேயும் ஒரே ஒலிக்குள் தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டுவதா?

இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளே பாணிகள். காரைக்குடி சாம்பசிவ ஐயரிடம் மீட்டு அழுத்தமாகவும் லயத்தோடு பிணைந்தும் விழுந்தது. வீணை தனம்மாள் (1867–1938) விரலில் மிஸ்ராப் அணியாமல் நகத்தால் மீட்டினார். எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை நெடுந்தூரம் இழுத்து, மீட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்.

திருவனந்தபுரத்தின் விடையை வகுத்தவர் கே.எஸ். நாராயணசுவாமி (1914–1999). பாலக்காட்டுக் கொடுவாயூரில் பிறந்து, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்தில் வீணை ஆசிரியரானவர். அதன் முதல்வராகவும் இருந்து 1970-இல் ஓய்வு பெற்றார். மென்மையான மீட்டு, வாய்ப்பாட்டைத் தழுவிய நீண்ட கார்வை, ஆரவாரமின்மை ஆகியவை அவர் வாசிப்பின் அடையாளங்கள். அவருடைய மாணவர் திருவனந்தபுரம் ஆர். வெங்கடராமன், வெங்கடராமனிடமும் பின்னர் நாராயணசுவாமியிடமும் பயின்றவர் இராம வர்மா. இவர்கள் வழியே இவ்வாசிப்பு தொடர்ந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. நாம் ‘திருவனந்தபுரம் பாணி’ எனக் குறிப்பது ஓர் ஊரின் நெடுங்கால மரபா, ஒருவரின் கை ஒரு கல்விக்கூடத்தின் வழியே ஊரின் பெயரைப் பெற்றதா? சுவாதித் திருநாள் (1813–1846) காலம் முதலே இவ்வூரில் வீணை ஒலித்தது உண்மை. ஆயினும் இன்று இப்பெயரால் சுட்டப்படும் வாசிப்பின் கூறுகளில் பல ஒரு மனிதரின் தெரிவுகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனிமனிதத் தெரிவு பொதுமரபாவது உலகெங்கும் காணப்படுவதே. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த எர்ல் ஸ்கரக்ஸ் பாஞ்சோவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் மீட்டிய முறை, அவர் 1945-இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபின் புளூகிராஸ் என்னும் இசைவகையின் இலக்கணமாகவே ஆயிற்று.

ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. ஸ்கரக்ஸ் 1968-இல் வெளியிட்ட பயிற்சி நூல், எந்தத் தந்தியை எந்த விரல் மீட்ட வேண்டும் என்பதையும் குறித்தது. நம்மிடம் அத்தகைய ஆவணம் அரிது. 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி கமகங்களுக்குத் தனிக்குறிகள் வகுத்தது. அவை பெரும்பாலும் இடக்கையையே சுட்டுவன. 1939-இல் தோன்றிய திருவனந்தபுரக் கல்விக்கூடத்தோடு தொடர்புடைய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் சுவாதித் திருநாள் உருப்படிகளைச் சுரப்படுத்தினர். அதனால் உருப்படிகள் பிழைத்தன. அவற்றை வீணையில் எங்கே மீட்டுவது என்பதைச் சுரக்குறிப்பு சொல்வதில்லை. அது ஆசிரியரின் எதிரே அமர்ந்து கண்டறிய வேண்டியதாகவே நின்றுவிட்டது.

ஆகவே, ஒரு தலைமுறை மறையும்போது பாடல் மறைவதில்லை, மீட்டு மறைகிறது. நாராயணசுவாமியிடம் நேரே பயின்றோர் இன்று முதியோர். ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. ஒரே கீர்த்தனையின் இரு வைணிகர் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் மீட்டு விழும் இடங்களைச் சாகித்திய எழுத்துகளின்மேல் புள்ளியிட்டுக் குறியுங்கள். பின்னர் அத்தாளை எடுத்துச் சென்று, அப்பாணியில் பயின்ற ஒருவரிடம், “இங்கே ஏன் மீட்டவில்லை?” என்று கேளுங்கள். அவர் தரும் விடையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். வலக்கையின் வரலாற்றுக்கு நமக்கு வேண்டிய மூலச்சான்று அதுவே.