குறியும் உரிமையும்: ஊவாத் தோட்டங்களிலே திறன்பேசியின் விரைவு அமைப்புக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலம் தப்பொலியுடன் தொடங்கிய காலம் ஒன்றிருந்தது. தப்பு முழங்கியதும் லயத்து அடுப்புக்கள் புகையும். ஆணும் பெண்ணும் பிரட்டுக்களத்துக்கு விரைவர். கணக்கப்பிள்ளை பெயர் குறித்துக்கொள்வார். அன்று ஏறவேண்டிய மலை இன்னதென்று கங்காணி கூறுவார். அத்தப்பொலி ஒரு குறி. அதனைக் கேட்டவர் செய்யவேண்டியது யாது என்பதில் ஐயமில்லை. ஆனால், அஃது எப்பொழுது முழங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கேட்டவரிடம் இருக்கவில்லை.

இன்று அதே லயங்களிற் பலருடைய கையில் திறன்பேசி இருக்கின்றது. அதன் திரையின் மேல் விளிம்பில் விரலை வைத்துக் கீழே இழுத்தாற் சிறு கட்டங்களாக அமைந்த குறிகள் சில தோன்றும். கைவிளக்கு, விமானம், இணையத் தரவு, ஒலி, வெளிச்சம் முதலியவற்றை ஒரு தொடுகையால் இயக்கவும் நிறுத்தவும் அவை உதவுவன. இவற்றை விரைவு அமைப்புக்கள் என வழங்குவர். இவற்றுள் எதனை முன்னே வைப்பது, எதனைப் பின்னே தள்ளுவது, எதனை அகற்றுவது என்பவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்துவோரே முடிவு செய்துகொள்ளலாம். தமது அன்றாட வாழ்வை இயக்கும் குறிகளைத் தாமே ஒழுங்குபடுத்தும் வாய்ப்பு, தோட்ட மக்களின் வரலாற்றில் அடிக்கடி கிடைத்ததொன்றன்று. ஆதலின், பொருள் சிறிதாயினும் அது வரலாற்று மாணவர் சிந்தனைக்கு உரியதே. உரிமை இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு என்பதே ஈண்டு நாம் எடுத்துக்காட்ட விழைவது.

நிறப் பெட்டியும் சின்னமும்

எழுத்தறிவு குறைந்த மக்களுக்குக் குறிகளின் வாயிலாக வழிகாட்டும் முறை இலங்கைக்குப் புதிதன்று. டொனமூர் அரசியற் சீர்திருத்தத்தின் பயனாக 1931 ஆம் ஆண்டிற் சர்வசன வாக்குரிமை இந்நாட்டிற்கு வந்தது. வாக்காளர் பலர் எழுத்தறியாதவர். ஆகவே, அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டது. தாம் விரும்பியவரின் நிறமுடைய பெட்டியிலே வாக்காளர் சீட்டை இட்டனர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் நிறமே வழிகாட்டியது. அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. பதுளைத் தொகுதியில் அக்கட்சியின் எஸ். எம். சுப்பையா தெரிவு செய்யப்பட்டார். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் நிறமறிந்து தன் கருத்தைத் தெரிவித்தான் என்பதற்கு அவ்வெற்றி சான்றாகும்.

பின்னர் நிறப் பெட்டி மறைந்தது, சின்னம் வந்தது. 1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்காளர் சின்னங்களைப் பார்த்தே புள்ளடியிட்டனர். முறை முன்னையதினும் திருந்தியதுதான். ஆனால், அதற்குள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனை அடுத்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்துவிட்டன. குறி தெளிவடைந்தபொழுது, அதனைப் பயன்படுத்தவேண்டியவரின் கையில் உரிமை இல்லை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு வழி செய்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. ஒரு குறியின் நன்மையை அளவிடும்பொழுது, அதன் வடிவை மட்டும் நோக்குதல் போதாது. அதனை ஆள்பவர் யார் என்றும் வினவவேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

கைவிளக்கின் கதை

தோட்டத்திலே தொலைபேசி நெடுங்காலம் துரையின் பங்களாவுக்கும் கந்தோருக்கும் உரிய பொருளாக இருந்தது. லயத்தார்க்குத் தபாலும் தந்தியுமே துணை. 1989 இல் செல்டெல் நிறுவனம் இலங்கையிற் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 1995 இல் டயலொக் வந்தது. ஆயினும், தொழிலாளர் குடும்பங்களுக்கு அக்கருவி எட்டுதற்கு மேலும் ஆண்டுகள் பல சென்றன.

2003 ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் 1100 என்னும் எண்ணுடைய எளிய தொலைபேசியை வெளியிட்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான கருவி அது. வளரும் நாடுகளின் மக்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்ட அக்கருவியின் உச்சியில் ஒரு சிறு விளக்கு இருந்தது. ஒரு விசையைச் சற்று நேரம் அழுத்தினால் அது எரியும். இரவில் லயத்தின் புறத்தே செல்வோர்க்கும், மழைக்கால இருளில் ஒற்றையடிப் பாதையில் இறங்குவோர்க்கும் அவ்விளக்கின் அருமை சொல்லாமலே விளங்கும். பயன்படுத்துவோர் வாழும் நிலையை அறிந்து ஆக்கிய பொருள் எத்தகையது என்பதற்கு அஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

வியப்பு யாதெனில், அதன்பின் வந்த விலையுயர்ந்த திறன்பேசிகளில் இவ்வசதி முதலில் இல்லாதிருந்தமையே. கூகிள் நிறுவனத்தின் அண்ட்ரொயிட் முறைமையில் 2012 நவம்பர் மாதம் வெளிவந்த 4.2 ஆம் பதிப்பிலே விரைவு அமைப்புக்கள் இடம்பெற்றன. கைவிளக்கோ 2014 இல் வந்த 5.0 ஆம் பதிப்பிலேதான் அவற்றுள் ஒன்றாயிற்று. அப்பிள் நிறுவனம் 2013 இல் ஐஓஎஸ் 7 உடன் கட்டுப்பாட்டுப் பலகையை அமைத்தபொழுது கைவிளக்கையும் அதில் வைத்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் விளக்குக்கெனத் தனிச் செயலிகளைத் தேடி நிறுவிக்கொண்டனர். அத்தகைய செயலி ஒன்று பயன்படுத்துவோரின் இருப்பிட விவரங்களை அவர்கள் அறியாமற் பிறருக்கு வழங்கியதென 2013 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதன் ஆக்கியோர்மீது நடவடிக்கை எடுத்தது. எளிய தேவையொன்று கருவியிலேயே நிறைவுறாதவிடத்து, அதனை நாடிச் செல்வோர் ஏமாற்றப்படுதற்கு இடமுண்டாகின்றது.

அண்ட்ரொயிட் 5.0 நமக்கு மற்றொரு வகையாலும் முக்கியமானது. அப்பதிப்பிலேதான் அம்முறைமையின் திரைமொழிகளுடன் தமிழும் சிங்களமும் ஒருங்கே சேர்க்கப்பட்டன. குறியின் கீழே தமிழ்ப் பெயர் தோன்றியது. அடுத்து, 2016 இல் வந்த 7.0 ஆம் பதிப்பு, கட்டங்களை இழுத்து வேண்டிய வரிசையில் வைத்துக்கொள்ளும் வசதியை எல்லோர்க்கும் வெளிப்படையாகத் திறந்துவிட்டது. 2017 இல் அப்பிளின் ஐஓஎஸ் 11 உம் அவ்வழியிற் சென்றது. பெயர் 2014 இலும் ஒழுங்கமைக்கும் வசதி 2016 இலும் வந்தன எனக் கொள்ளலாம்.

மலையுச்சியில் ஒரு வகுப்பறை

இவ்வசதிகளின் உண்மையான சோதனை, கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது. 2021 இல் போஹிட்டியாவ என்னும் கிராமத்து மாணவரும் ஆசிரியரும் அலைத்தொடர்பை நாடிப் புதர்க்காட்டினூடே 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறையை அடைந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பதுளை மாவட்டத்து லுணுகலையில் மலையுச்சிக் காட்டிலே ஏறத்தாழ 30 அடி உயரத்தில் அமைந்த மரவீடு ஒன்று பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று.

அந்நாட்களில் விமானக் குறிக்கு நம் மாணவர் புதியதொரு பயன் கண்டனர். வானூர்தியிற் செல்வோர் அலைத்தொடர்பைத் துண்டிப்பதற்கென அமைந்த குறி அது. சிக்னல் அறுந்தபோதெல்லாம் அதனை ஒருமுறை இயக்கி, மீண்டும் நிறுத்தினால், தொலைபேசி அண்மைக் கோபுரத்தைப் புதிதாகத் தேடும். பசறையிலும் நமுனுகுலைச் சாரலிலும் அதனை அறியாத பிள்ளை அரிது. அவ்வாறே, ஒரு வீட்டின் ஒரே தொலைபேசியிற் படத்தாள்களாக வந்த பாடங்களை வாசித்தோர், திரை தானே சுழல்வதைத் தடுக்கும் குறியை முன்வரிசைக்குக் கொணர்ந்தனர். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபொழுது கைவிளக்குக் குறி மீண்டும் முதலிடம் பெற்றது. ஆக்கியோர் கருதிய பயனும் மக்கள் கண்ட பயனும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை என்பது இவற்றாற் புலனாகும்.

இரு தொடுகை பற்றிய வழக்கு

2021 இன் பிற்பகுதியில் வெளிவந்த அண்ட்ரொயிட் 12 இல் கூகிள் ஒரு மாற்றம் செய்தது. வைஃபைக்கும் கைத்தொலைபேசித் தரவுக்கும் தனித்தனியே இருந்த கட்டங்களை நீக்கி, 'இணையம்' என்னும் ஒரே கட்டம் அமைத்தது. முன்னர் ஒரு தொடுகையால் ஆனது இப்பொழுது இரண்டு மூன்று தொடுகையால் ஆயிற்றெனப் பல நாடுகளிலும் பயன்படுத்துவோர் முறையிட்டனர். வைஃபையை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்க மறப்போர் தம்மையறியாமல் விலையுள்ள தரவைச் செலவிடுகின்றனர். அதனைத் தடுப்பதே நோக்கம் என்பது நிறுவனத்தார் கூறிய சமாதானம்.

அச்சமாதானம் பொய்யன்று. வீட்டிலே கம்பிவழி இணையம் உள்ளவருக்கு அது பொருந்தும். ஆனால், லயத்து அறையில் வைஃபை எங்கே உளது? சிறு தொகைக்கு ரீலோட் செய்து, தேவையான நேரத்திற்கு மட்டும் தரவைத் திறந்து, உடனே மூடிவைப்பதே அங்குச் சிக்கனம். 2021 இல் நீண்ட போராட்டத்தின் பின்னரே நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தரவுக் கட்டம் தண்ணீர்க் குழாயின் திருகுபிடி போன்றது. அதனைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்தால் நீர் வீணே ஒழுகும். சாம்சங் முதலிய ஆக்குநர் சிலர் தத்தம் கருவிகளில் இரு கட்டங்களையும் பிரித்தே வைத்திருந்தமை இவ்வகையில் நன்மையாயிற்று.

குறி உரைப்பது மெய்யாயிருத்தலும் வேண்டும். ஐஓஎஸ் 11 இலே வைஃபைக் குறியைத் தொட்டால் அஃது அணைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அப்போதைய இணைப்பு மட்டுமே அறும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என மக்கள் மயங்குவர் எனப் பாதுகாப்பு ஆய்வாளர் 2017 இலே கண்டித்தனர்.

நம்மிடையே மயக்கம் தரும் குறி வேறொன்றுண்டு. வட்டத்துள் ஒரு கோடு வரைந்த 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்னும் குறியே அது. பெற்றோர் கூட்டம் ஒன்றின் பின் ஒரு தாயார் தமது தொலைபேசியை எம்மிடம் தந்து, "வெளிநாட்டிலுள்ள மகள் எடுத்தால் மணியடிப்பதேயில்லை, பழுதாகிவிட்டதோ, சேர்?" என்றார். பழுதொன்றுமில்லை. பேரப்பிள்ளையின் விரல் பட்டு அக்குறி இயங்கியிருந்தது. மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் பட்ட துயரையும் அறிந்தோர், இரவில் ஒலியாத தொலைபேசியை அற்ப விடயமெனத் தள்ளமாட்டார்.

முடிவு

கட்டங்களை ஒழுங்கமைக்கும் வேலையை ஆக்கியோரிடமே விடுக என்பார் உளர். அறியாதவர் மாற்றினாற் குழப்பமே விளையும் என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையுண்டு. மேற்சொன்ன தாயாரின் அனுபவமும் அதனையே காட்டும். எனினும், அறியாமைக்கு மருந்து கற்பித்தலேயன்றி உரிமையைப் பூட்டிவைத்தலன்று. அன்று அத்தாயாருக்குக் கைவிளக்கையும் தரவையும் முதல் வரிசைக்கு இழுத்துவைக்கவும், அந்தக் குறியைப் பின்பக்கத்திற்குத் தள்ளவும் காட்டிக்கொடுத்தோம். சில நிமிடங்களே சென்றன. "இதை நாமே மாற்றலாமென்று யாரும் சொல்லவில்லையே" என்றார். அவர் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். அவருடைய தொலைபேசியிலே தமிழும் இருந்தது. ஆயினும், திரைமொழி ஆங்கிலமாகவே இருந்தது.

2014 இல் வந்த பெயரும் 2016 இல் வந்த வசதியும் இன்னும் சென்றடையாத வீடுகள் நம் மலைகளில் உள. இதனை நிறைவேற்றப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் மேல்வகுப்பு மாணவர் தத்தம் வீட்டுத் தொலைபேசியின் திரைமொழியை வீட்டார் விருப்பப்படி அமைக்கவும், விரைவு அமைப்புக்களை அவர்கள் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்தவும் ஒரு பாடவேளை ஒதுக்கலாம். வீட்டார் எந்தக் குறியை எதற்குப் பயன்படுத்துகின்றனர், எது அவர்களை மயக்குகின்றது என்பவற்றை மாணவர் குறித்துவரின், ஆக்கியோர்க்குத் தமிழில் எடுத்துரைக்கத்தக்க கருத்துத் திரட்டு ஒன்று நம் கையில் இருக்கும். நிறமறிந்து வாக்களித்த முன்னோரின் பேரர் இவர்கள். குறிகளை அறியும் ஆற்றல் இவர்களிடம் உண்டு. அவற்றின் வரிசையைத் தாமே அமைக்கலாம் என்பதை எடுத்துச்சொல்லும் கடமை கற்றோராகிய நம்முடையதாகும்.