ரைம்ஸ் நியூ ரோமன்: எங்கள் கோப்புகளில் குடியிருக்கும் எழுத்துரு

சட்டத்தரணியின் கடிதம், நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குமூலம், பழைய வருமான வரிக் கணக்கு என்று நாம் பத்திரப்படுத்தியிருக்கும் ஆவணங்களை விரித்துப் பார்த்தால் பலவற்றிலும் ஒரே எழுத்துரு தெரியும். எழுத்தின் முனைகளில் சிறு பாதங்கள் கொண்ட ரைம்ஸ் நியூ ரோமன்தான் அது.

இதன் தாய்வீடு லண்டன் 'த ரைம்ஸ்' பத்திரிகை. மொனோரைப் கொம்பனியின் ஆலோசகரான ஸ்ரான்லி மொறிசன், 1929இல் அப்பத்திரிகையின் அச்சு மோசமென்று விமர்சித்தார். விமர்சித்தவரிடமே வேலையையும் ஒப்படைத்தார்கள். முதலாம் உலகப் போரில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர் அவர். 'பிளாண்டின்' என்னும் எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டு அவர் வழிநடத்த, பத்திரிகையின் விளம்பரப் பிரிவு ஓவியர் விக்டர் லாடென்ற் எழுத்துகளை வரைந்தார். 1932 ஒக்டோபர் 3ஆம் திகதி இதழ் புதிய எழுத்தில் வெளிவந்தது. 1972 வரை, 40 ஆண்டுகள் அங்கே நிலைத்தது.

இடத்தை மிச்சம்பிடிப்பதே இதன் கெட்டித்தனம். எழுத்துகள் ஒடுக்கம், சிறிய எழுத்துகளின் உடல் பெரிது, மேலும் கீழும் நீளும் கோடுகள் குட்டை. ஒரு பத்தியில் கூடுதல் சொற்கள் அடங்கும், வாசிக்கவும் முடியும். 1992இல் விண்டோஸ் 3.1 உடன் இது வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. 2007இல் கலிப்ரி வரும்வரை வேர்ட் மென்பொருளைத் திறந்தால் முதலில் வருவது இதுதான்.

கணக்கெழுதும் எங்களுக்கு இதன் இலக்கங்களே பிடித்தமானவை. எல்லாம் ஒரே அகலம், ஒரே உயரம். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கினால் நூறு நூறின் கீழும் பத்து பத்தின் கீழும் நேராக நிற்கும். ஜோர்ஜியா எழுத்துருவில் 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே தொங்கும். கட்டுரைக்கு அது அழகு, ஐந்தொகைக்கு ஆகாது.

பெயர்களிலும் இந்தப் பாதங்களுக்கு வேலையுண்டு. ஏரியலில் பெரிய 'ஐ' எழுத்தும் சிறிய 'எல்' எழுத்தும் வெறும் நேர்கோடுகள். கண்ணால் பிரிக்க முடியாது. ரைம்ஸ் நியூ ரோமனில் பிரிக்கலாம். ஆனால் இதிலும் சிறிய 'எல்'லும் இலக்கம் 1உம் கிட்டத்தட்ட ஒரே சாயல்தான். வழக்கு இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் கடிதம் வேறு கோப்புக்குப் போகலாம். ஆகவே இலக்கங்களைப் பிரதியிலிருந்து பார்த்து எழுதாமல் மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

இதில் தமிழ் எழுத்து கிடையாது. பாமினியில் தட்டிய பழைய கடிதத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதற்குள் உங்கள் வாக்குமூலம் பத்திரமாகவே இருக்கிறது. பாமினியை நிறுவினால் திரும்ப வாசிக்கலாம். அழித்துவிடாதீர்கள். யூனிகோட்டுக்கு மாற்றி, பிடிஎப் ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.