உப்பளமும் உறைபனியும்

பிரம்மதேசத்தை அடுத்த மரக்காணம் உப்பளங்களுக்கும் தென்துருவத்துக்கும் என்ன உறவு?

1981 டிசம்பரில் எஸ். இசட். காசிம் தலைமையில் கோவாவிலிருந்து கப்பலேறிய 21 இந்தியர், 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் கால்பதித்தனர். கிழக்கு அண்டார்க்டிகாவில் காணப்படும் சார்னோகைட், நம் பல்லாவரக் குன்றுகளிலும் உள்ள பாறை. கோண்டுவானாப் பெருநிலத்தில் இரண்டும் ஒட்டியிருந்தன என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பாறை பழைய உறவைச் சொல்கிறது. பனி பழைய காற்றைக் காத்துவைத்திருக்கிறது. டோம் சி மேட்டில் ஐரோப்பியர் துளைத்தெடுத்த பனித்தண்டின் குமிழ்களின்படி, 8 லட்சம் ஆண்டுகளில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 300 பங்கை மிஞ்சவில்லை. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது.

துருவ நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகினால் கடல் உயரும். கழுவெளியை ஒட்டிய பாத்திகளுக்கு வரப்பு ஒன்றே காவல். கடல்நீரை அளவோடு தேக்கி, வெயிலில் வற்றவிட்டால்தான் நமக்கு உப்பு. வரப்பேறி வரும் கடலில் உப்பு விளைவதில்லை.