சாவி இல்லாத லாரி

அமெரிக்க ராணுவம் கண்டம் செய்து ஏலத்தில் விடும் எம்35 லாரியை எடுப்பவர் கையில் யாரும் சாவி தரமாட்டார்கள். அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தள்ளிப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உறுமும். அணைக்க வேண்டுமானால் ஒரு கம்பியை இழுக்க வேண்டும். குண்டு விழுகிற இடத்தில் சாவி யார் பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா? முகாமில் நிறுத்தும்போது ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுப் போடுவார்கள். ஏலத்தில் எடுத்தவரும் தன் வீட்டு வாசலில் அதையேதான் செய்கிறார்.

இந்த லாரி பிறந்த ஊர் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங். இரண்டாம் உலகப் போரில் ஜிஎம்சியின் இரண்டரை டன் லாரிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவை தேய்ந்து ஓய்ந்தபோது, அவற்றின் இடத்துக்கு ரியோ கம்பெனி 1950 வாக்கில் கொண்டுவந்த வாரிசு இது. இரண்டரை டன் என்பது சேற்றுக்கும் மணலுக்கும் சொன்ன கணக்கு. நல்ல சாலையில் ஐந்து டன் வரை ஏற்றலாம். மூன்று ஆக்ஸில், பத்து டயர். மூன்று ஆக்ஸிலும் இழுக்கும். சரக்கே இல்லாமல் வண்டி மட்டும் ஏறக்குறைய ஆறு டன். வடிவமைத்த ரியோவை 1957இல் ஒயிட் மோட்டார் வாங்கிக்கொண்டது. பிறகு ஒப்பந்தம் ஸ்டூட்பேக்கருக்குப் போனது. அதன் சௌத் பெண்ட் தொழிற்சாலை 1964இல் கைசர் ஜீப்பிடம் கைமாறி, 1971இல் ஏஎம் ஜெனரல் ஆனது. முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லாரியின் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

மாறியது நெஞ்சு. பெட்ரோலில் ஓடிய வண்டிக்கு 1960களில் எதையும் குடிக்கும் எஞ்சின் வைத்தார்கள். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல்கூட ஆகும். ஜெர்மனியின் எம்ஏஎன் கம்பெனி கண்டுபிடித்த எரிமுறை இது. சாதாரண டீசல் எஞ்சின் எரிபொருளைக் காற்றுக்குள் பீய்ச்சும். இங்கே பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி. எரிபொருளை அதன் சுவரில் படரவிட்டால், சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி எரியும். எரிபொருளின் அடர்த்திக்கு ஏற்ப அளவைத் திருத்திக்கொள்ளும் உறுப்பு ஒன்றும் பம்பில் உண்டு. அதே எம்ஏஎன்னிடம் உரிமம் வாங்கித்தான் நம் ஜபல்பூரில் சக்திமான் லாரி செய்தார்கள். ஆக, மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் ஏறிப்போன சக்திமானுக்கு இந்த அமெரிக்க லாரி தூரத்துச் சொந்தம்.

புதிய எஞ்சின் புகையாகக் கக்கியது. அதைக் குறைக்கப் பின்னாளில் டர்போ வைத்தார்கள். இழுவையைக் கூட்டுவது அதன் முதல் நோக்கமல்ல. அந்த டர்போ போட்ட விசில்தான் இன்று வண்டியின் அடையாளம். அதைக் கேட்பதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். மெக்கானிக் படிப்பும் பலருக்குக் கிடையாது. அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ராணுவம் 1951இல் பிஎஸ் என்ற மாத இதழையே தொடங்கியது. பிரபல சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் இருபது ஆண்டுகள் அதற்குப் படம் போட்டார். ஆயில் எப்போது பார்ப்பது, எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் கார்ட்டூனாக வந்தது. படம் பார்த்துப் பழுது பார்க்கும்படி செய்த வண்டி என்பதால்தான், ஐம்பது ஆண்டு கழித்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் கொட்டகையில் தனியாக அதைப் பிரித்துப் பூட்ட முடிகிறது.

வியட்நாமில் இதற்கு வேறு வேடம் வந்தது. 1967 செப்டம்பர் 2ஆம் தேதி, 19ஆம் எண் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளின் அணிவகுப்பு ஒன்று பதுங்கித் தாக்கப்பட்டது. அதன்பின் போக்குவரத்துப் பிரிவினர் இரண்டரை டன் லாரிகளில் பலகையும் மணல் மூட்டையும் அடுக்கி, இயந்திரத் துப்பாக்கி பொருத்தித் தாங்களே காவல் வண்டி செய்துகொண்டார்கள். மழையில் நனைந்த மணலின் பாரம் வண்டியைத் திணறடித்தது. அதற்குப் பதில் இரும்புத் தகடு வந்தது. கடைசியில் அந்த வேலை ஐந்து டன் லாரிக்குப் போனது.

1990களில் ஆஸ்திரிய வடிவமைப்பில் புதிய லாரிகள் வந்தன, பழையவை கழிக்கப்பட்டன. கழிவுப் பொருள்களைக் கையாளும் ராணுவத் துறையின் தலைமையகம் இருப்பது பேட்டில் கிரீக்கில். லான்சிங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பிறந்த மாநிலத்திலேயே பணி ஓய்வுக் கடிதமும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில லாரிகள் நேரே ஏலத்துக்குப் போகவில்லை. வனத்துறை வழியாகக் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு இரவலாகப் போய், முதுகில் தண்ணீர்த் தொட்டி சுமந்து காட்டுத்தீ அணைத்தன. ராணுவ வண்டியைத் தீயணைப்பு வண்டியாக மாற்றும் வரைபடங்களை வகுத்துத் தந்த மையமும் மிச்சிகனில்தான், ராஸ்காமனில்.

ஏலத்தில் எடுப்பது எளிது. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு வழிசெய்வதுபோல ஒரு அரசுப் படிவம் கூடவே வரும். அதை வைத்துத்தான் பதிவு. சாலைக்கு ஏற்றதல்ல என்று அதில் எழுதியிருந்தால் சில மாநிலங்களில் தலைவலி. உருவத்தைப் பார்த்து மலைக்கிறோம், ஆனால் மொத்த எடை சட்ட வரம்புக்குக் கீழே இருப்பதால் சொந்த உபயோகத்துக்குச் சாதாரண உரிமமே பெரும்பாலும் போதும்.

சாதாரண உரிமம் போதும் என்பது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. ஆறு சக்கரத்து பிரேக்குக்கும் ஒரே ஆயில் வழி. எங்காவது ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் மொத்தமும் போச்சு. கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைப் பிடிக்கும். நிற்கிற வண்டியை நிறுத்திவைக்கத்தான் அது. பவர் ஸ்டீயரிங் இல்லை. சேற்றுக்கென்று செய்த டயர் நனைந்த தாரில் வழுக்கும். பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் ஏறும்வரை பஸ்ஸர் அலறும். மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். பக்கத்தில் எல்லாரும் 110இல் பறப்பார்கள். போர்க்களத்தில் இதற்கு வழிவிட்டார்கள், பழுதுக்கு அரசாங்கம் செலவழித்தது. இங்கே இரண்டும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் முதல் வேலையாக பிரேக்குக்கு இரட்டை வழி வைக்கிறார்கள், இல்லாவிட்டால் குழாய்களையாவது புதிதாக மாற்றுகிறார்கள்.

சிலர் பின் ஆக்ஸில் ஒன்றைக் கழற்றி, சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி நான்கு சக்கர வண்டியாக்குகிறார்கள். திரும்ப வசதி, நிறுத்த வசதி, பார்க்கத்தான் சகிக்கவில்லை. வேறு சிலர் ஹோட்டல்களில் கழித்த சமையல் எண்ணெயையும் வடிகட்டிய பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலோடு கலந்து ஊற்றுகிறார்கள். ராணுவம் சோதித்த பட்டியலில் இதெல்லாம் இருந்ததோ என்னவோ, எஞ்சின் குடித்துவிடுகிறது. பில்டர்தான் அடிக்கடி அடைக்கும்.

உதிரிபாகங்களும் ராணுவக் கிடங்கிலிருந்து கழிந்து வந்தவைதான். அந்த எஞ்சினை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் ஒரு லாரி வாங்கியவர் கொஞ்ச நாளில் இன்னொன்றுக்கும் ஏலம் கேட்கிறார். முதலாவது ஓட்ட, இரண்டாவது பிரித்து எடுக்க. வீட்டில் அனுமதி வாங்குவதுதான் கஷ்டம்.