பஷீரின் புத்தகக் கடை

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய காலம். காயலைக் கடந்து படகில் போனால் எர்ணாகுளம். அங்கே கதை விற்றார் மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர்.

திருவனந்தபுரம் சிறையில் அவர் எழுதிய ‘பிரேமலேகனம்’ நூலைத் திருவிதாங்கூர் அரசு தடை செய்தது. 1944இல் ‘பால்யகாலசகி’ வந்தது. அப்போதும் தன் புத்தகங்களைத் தானே சுமந்து வீடுவீடாகப் போய் விற்ற மனிதர் அவர். பிறகு எர்ணாகுளத்தில் கடை போட்டார்: முதலில் ‘சர்க்கிள் புக் ஹவுஸ்’, அப்புறம் ‘பஷீர்ஸ் புக் ஸ்டால்’.

அது வெறும் கடையல்ல. எழுத்தாளர்கள் கூடிப் பேசும் திண்ணை. நுழைவுச்சீட்டு இல்லை, மேடை இல்லை, தலைமையுரை இல்லை. புத்தகம் வாங்க வந்தவரால் அதை எழுதியவரிடமே பேச்சுக் கொடுக்க முடிந்தது. இன்றைய இலக்கிய விழாக்களில் நான் தேடுவது இந்த நெருக்கத்தைத்தான்.

தங்கள் எழுத்தைத் தாங்களே வாசகரிடம் கொண்டுசேர்க்கும் இந்தப் பசி கோட்டயத்திலும் இருந்தது. 1945இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் எம்.பி. பால், ‘பால்யகாலசகி’க்கு முன்னுரை தந்த அதே விமர்சகர்.

திருமணத்துக்குப் பின் பஷீர் பேப்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேச ஆட்கள் அங்கும் வந்தார்கள்.