பூட்டிய சாளரங்கள்



இறப்பரை நம் நாட்டவருக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஆனால், பதஞ்செய்யாத இறப்பர் வெயிலிலே பிசுபிசுக்கும், கடுங்குளிரிலே விறைத்துவிடும். அதனைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839-இல் கண்டார். உலையில்லாமலே அதனைச் செய்யும் முறையை 1846-இல் ஆங்கிலேயரான அலெக்சாந்தர் பாக்ஸ் கண்டறிந்தார். கந்தகக் குளோரைட்டைக் காபனிருசல்பைட்டு என்னும் திரவத்திலே கரைத்து, மெல்லிய இறப்பர்ப் பண்டங்களை அதில் தோய்த்து உலர்த்தினாற் போதும். பாரிசு நகரத்துச் சிறு பட்டறைகளில் இம்முறையிலே பலூன்கள் செய்யலாயினர்.

உலரும்போது அத்திரவம் எங்கே போகிறது? அறையின் காற்றிலேதான். அது 46 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். அதன் ஆவி காற்றினும் இரண்டரை மடங்குக்கு மேற் பாரமானது. தரையோடு தவழ்ந்து செல்லும். தீப்பிடிக்கச் சுவாலைகூட வேண்டியதில்லை. ஏறத்தாழ 100 பாகைச் சூடே போதுமாதலால், நீராவி செல்லும் குழாயொன்று அதனைப் பற்றவைத்துவிடும். நீரிலும் பாரமான அத்திரவத்தின் மேல் நீரை ஊற்றிச் சேமிக்கும் வழக்கம் இதனால் வந்ததே. மேல்நிற்கும் நீர் ஆவியை அடக்கிவைக்கும்.

தீயின் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது, மற்றையது தெரியவில்லை. பாரிசு வைத்தியரான ஒகுஸ்த் தெல்பெக், 1856-இலும் பின்னர் விரிவாக 1863-இலும், இறப்பர்த் தொழிலாளரின் நோயை எழுதினார். முதலிலே தலைவலி, மயக்கம், காரணமற்ற களிப்பு, கட்டுக்கடங்காச் சினம். பின்னர் மறதி, சோர்வு, கைகால் தளர்ச்சி. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட பின்னரும், 1888-இல் சார்க்கோ என்னும் பேர்பெற்ற நரம்பியல் வைத்தியர் இத்தகைய தொழிலாளி ஒருவரின் நோயை இசிப்பு நோய் வகையிலே சேர்த்துப் பேசினார். பெரியவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு உண்மையைச் சிறிது காலம் பின்தள்ளியது என்றே கொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலே, சித்தங்கலங்கிய தொழிலாளர் மாடியிலிருந்து குதித்துவிடாதபடி பட்டறைச் சாளரங்களுக்கு இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்டதாகப் பதிவுண்டு. சாளரம் காற்று வரவேண்டிய வழியன்றோ! கம்பிக்குச் செலவிட்ட பணத்தில், ஆவி தங்கும் தாழ்ந்த மட்டத்திலே அதனை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியொன்றை அமைத்திருக்கலாம். பிற்பாடு அந்நாட்டு விதிகள் இவ்வேலையை நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலமாகக் கட்டுப்படுத்தின.

இறப்பர்த் தொழில் இத்திரவத்தைச் சிறிது சிறிதாகக் கைவிட்டது. ஆயினும், 1892-இல் உரிமைப்பத்திரம் பெற்ற விசுக்கோசு முறையினாலே அது செயற்கைப் பட்டாலைகளிற் புகுந்தது. பாரிசில் எழுதப்பட்ட நோய்க்குறிகள் அவ்வாலைகளிலே மறுபடியும் தோன்றின. தென்கொரியாவில், யப்பானிலிருந்து வாங்கிய பழைய இயந்திரங்களோடு இயங்கிய வொன்ஜின் ஆலை, நூற்றுக்கணக்கான தொழிலாளர் நஞ்சேறி நோயுற்ற பின்னர் 1993-இல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன.