ஒழுகிய மின்கலமும் ஒற்றை ஆலைச் சில்லுகளும்: அமிகா தாய்ப்பலகைகளின் மீட்பு வரலாறு

1980களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த மேசைக்கணினிகள் பலவற்றின் தாய்ப்பலகையில், அதாவது செயலி, நினைவகம் முதலிய சில்லுகள் பொருத்தப்படும் முதன்மைச் சுற்றுப்பலகையில், உருளை வடிவச் சிறு மின்கலம் ஒன்று நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கணினியை அணைத்துவிட்ட பிறகும் நாளும் மணியும் பிசகாமல் ஓடுவதற்காக வைக்கப்பட்ட அந்த மின்கலம், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த நிலையில், தன்னைச் சுமந்த பலகையையே அரித்துத் தின்றது. அரிப்புக்கு ஆளான பலகைகளை மீட்பதிலும், அவற்றுக்கு மாற்று உறுப்புகளைத் தேடுவதிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தனியொரு கைத்தொழிலே வளர்ந்துள்ளது. கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினிகளின் வரலாற்றில் இத்தொழிலின் எல்லாக் கட்டங்களையும் தெளிவாகக் காணலாம்.

கணினிக்குள் நாட்காட்டி குடியேறிய கதை நெடியதன்று. 1981இல் வெளிவந்த முதல் ஐபிஎம் பிசி, இயக்கப்படும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியைப் பயனரிடமே கேட்டுக்கொண்டிருந்தது. 1984இல் வந்த பிசி/ஏடி, மோட்டோரோலாவின் எம்சி146818 என்னும் கடிகாரச் சில்லைக் கொண்டிருந்தது. அதிலிருந்த 64 பைட் நினைவகத்தில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, எஞ்சிய 50 பைட் வட்டின் வகை, நினைவகத்தின் அளவு போன்ற அமைவு விவரங்களைக் காத்து வைத்தது. இச்சில்லுக்கு மிகச் சொற்பமான மின்சாரமே போதும் என்றாலும், அது ஒரு நொடியும் அறுபடாமல் கிடைத்தாக வேண்டும். ஐபிஎம் இதற்கென லித்தியம் மின்கலத்தைப் பலகைக்கு வெளியே வைத்துக் கம்பியால் இணைத்தது. அதன் வழியில் 286, 386 வகைச் செயலிகளுக்கான பலகைகளைத் தயாரித்தவர்களில் பலரோ, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் பலகையின் மீதே பற்றவைத்தனர். கணினி ஓடும்போது மின்கலமும் சிறிது சிறிதாக மின்னேற்றம் பெறும் என்பதால், உரிமையாளர் அதை மாற்ற வேண்டிய தேவையே வராது என்பது அவர்கள் கணக்கு.

நிக்கல்-காட்மியம் மின்கலத்தை 1899இல் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டவரான வால்டெமர் யுங்னர். அதன் ஒவ்வொரு அறையும் 1.2 வோல்ட் தருவதால், மூன்று அறைகளை அடுக்கினால் கடிகாரச் சில்லுக்கு வேண்டிய 3.6 வோல்ட் கிடைத்துவிடும். ஜெர்மனியின் வார்ட்டா நிறுவனத்தின் மின்கலங்கள் பரவலாகப் பயன்பட்டதால், பழுதுபார்ப்போரிடையே அந்நிறுவனத்தின் பெயரே இவ்வகை மின்கலத்தைக் குறிக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. இவற்றுள் மின்பகுளியாக, அதாவது மின்னூட்டத்தைக் கடத்தும் நீர்மமாக இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம். பயன்படுத்தாமல் பரணில் போடப்பட்ட கணினியில் மின்னேற்றம் முற்றிலும் வடிந்து, மின்கலத்தின் அடைப்பும் காலப்போக்கில் தளர்ந்துவிட, இக்காரம் உலோகப் பரப்பின் மீது ஊர்ந்து பரவும் தன் இயல்பினால் எதிர்முனைக் காலைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகி, மின்கலத்தின் முனைகளில் வெண்ணிறப் பொருக்காகப் படிவது இதன் முதல் அடையாளம். பொருக்கு கண்ணில் படும் நேரத்தில், அடியிலிருக்கும் செம்புத் தடங்களைக் காரம் பெரும்பாலும் எட்டியிருக்கும்.

1985இல் அறிமுகமான அமிகா, ஜே மைனரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1984இல் கொமடோரின் கைக்கு வந்த கணினி. 1987இல் அதன் இரு வடிவங்கள் வெளிவந்தன: வீடுகளுக்கான ஏ500, தொழில்முறைப் பயனர்களுக்கான ஏ2000. ஏ500இன் தாய்ப்பலகையில் கடிகாரமும் இல்லை, மின்கலமும் இல்லை. வேண்டுவோர் கணினியின் அடிப்புறத்துச் சிறு கதவைத் திறந்து ஏ501 என்னும் நினைவக விரிவாக்க அட்டையைச் செருகிக்கொள்ளலாம்; கடிகாரமும் மின்கலமும் அந்த அட்டையிலேயே இருந்தன. மின்கலம் ஒழுகினாலும் அட்டை பாழாகுமே தவிர, தாய்ப்பலகை பெரும்பாலும் தப்பிவிடும். 1991இல் வந்த ஏ500 பிளஸ் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுக் கடிகாரத்தையும் மின்கலத்தையும் தாய்ப்பலகைக்கே கொண்டுவந்தது. முந்தைய மாதிரியைவிட மேம்பட்டது என்று விற்கப்பட்ட இம்மாதிரியே இன்று நல்ல நிலையில் கிடைப்பதற்கு அரிதாகியிருக்கிறது என்றால், அதற்கு இந்த ஒரு முடிவே முதன்மைக் காரணம். ஏ2000இல் மின்கலம் மையச் செயலிக்கு அருகில் இருந்ததால், அரிப்பு செயலியின் சாக்கெட்டையே முதலில் தாக்கியது. 1990இன் ஏ3000, 1992இன் ஏ4000 ஆகியவையும் இவ்வகை மின்கலத்துடனேயே வெளிவந்தன. பத்தாண்டு தாண்டி ஒரு வீட்டுக் கணினி புழங்கும் என்று அக்காலத்து வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. ஆகவே இதை அலட்சியம் என்பதைவிட, தம் படைப்பின் ஆயுளை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பதே பொருத்தம்.

அரித்த பலகையை மீட்கும் முறை பல பத்தாண்டுப் பட்டறிவில் ஒழுங்குபட்டது. முதலில் மின்கலத்தின் கால்களை வெட்டி எடுத்தபின், காரத்தை முறிப்பதற்காக அந்த இடத்தில் வெள்ளை வினிகரை, அதாவது நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலைத் தடவுகின்றனர்; அமிலமும் தங்கிவிடாதபடி காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துகின்றனர். கடினமான பகுதி இதன் பிறகே தொடங்குகிறது. பலகையைப் போர்த்தியிருக்கும் பச்சை அரக்குப் பூச்சு மேலுக்கு முழுதாகத் தோன்றினாலும், காரம் அதன் அடியில் புகுந்து தடத்தைக் கருக்கியிருக்கும். ஆதலால் கண்ணாடியிழை முனைகொண்ட பேனாவினால் பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற செம்பு தென்படும் எல்லைவரை செல்ல வேண்டியிருக்கிறது. உறுப்புகளைப் பலகையோடு இணைக்கும் பற்றீயம் தன் மினுக்கத்தை இழந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும் இடங்களில் சூட்டுக்கோலை வைத்தாலும் எளிதில் உருகாது. புதிய பற்றீயத்தையும் இளக்கியையும் சேர்த்து உருக்கி, பழையதோடு உறிஞ்சி எடுக்க வேண்டும். இவ்வேலைக்கு ஈயம் கலந்த பழைய வகைப் பற்றீயமே பெரிதும் விரும்பப்படுகிறது. அது 183 பாகை செல்சியஸில் உருகிவிட, 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளால் பரவலான ஈயமற்ற வகை ஏறத்தாழ 217 பாகையைக் கேட்கிறது என்பதும், நலிந்துபோன செம்பு அந்தக் கூடுதல் வெப்பத்தில் பலகையிலிருந்து பிரிந்து எழும்பக்கூடும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

பலகையின் இரு முகங்களையும் இணைக்கும் முலாம் பூசிய நுண்துளைகளே மிகவும் ஏமாற்றுபவை. வெளிவாய் ஒழுங்காக இருக்க, உட்சுவரின் செம்பு மட்டும் கரைந்துபோயிருக்கும். எனவே மீட்பவர்கள் சுற்று வரைபடத்தை எதிரில் வைத்துக்கொண்டு, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு தடத்தின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரின் முட்களை ஊன்றி, தொடர்பு இருப்பதைத் தெரிவிக்கும் ஒலி கேட்கிறதா என்று சோதிக்கின்றனர். ஒலி கேட்காத தடத்துக்கு இணையாகத் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சால் மூடிவிடுகின்றனர். ஒழுகிய மின்கலத்தின் இடத்தில் லித்தியம் வில்லை மின்கலத்தைப் பொருத்துவோர் மின்னேற்றச் சுற்றை மறந்துவிடக் கூடாது: மின்னேற்றத்துக்குரியதல்லாத லித்தியம் வில்லைக்குள் மின்சாரம் பாய்ந்தால் அது வெடிக்கவும் கூடும் என்பதால், ஒருவழிப் பாதையாகச் செயல்படும் டயோடு ஒன்றை இடையில் வைப்பது கட்டாயம்.

நிக்கல்-காட்மியம் மின்கலம் இல்லாத பலகைகளும் அரிப்பிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. 1992இன் ஏ600, ஏ1200 ஆகியவற்றிலும், ஆப்பிளின் மேக்கின்டோஷ் எஸ்இ/30 போன்றவற்றிலும் பலகைப் பரப்பில் ஒட்டிய சிறு அலுமினிய மின்தேக்கிகள் இருந்தன. மின்னூட்டத்தைத் தேக்கி, சீராக வழங்கும் இவ்வுறுப்புகளிலிருந்து நீர்மம் கசிந்து அருகிலுள்ள தடங்களைக் கெடுத்தது. ஏ1200இல் ஒலி மங்குவது இதன் முன்னறிகுறி; சூட்டுக்கோல் பட்டவுடன் எழும் மீன் நாற்றம் கசிவை உறுதிப்படுத்தும். மின்கலம் ஒழுகும் சிக்கலுக்கு ஐபிஎம் வழிப் பலகைகளில் வேறொரு தீர்வு வந்தது. டல்லாஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்1287, கடிகாரச் சில்லையும் லித்தியம் மின்கலத்தையும் ஒரே பிசின் கட்டிக்குள் அடைத்துவிட்டதால் ஒழுகும் இடர் நீங்கியது. ஆனால் ஏறத்தாழப் பத்தாண்டில் மின்கலம் தீர்ந்தபோது கட்டி முழுவதும் பயனற்றதானது. அந்தப் பிசினை அரத்தால் தேய்த்து உள்ளிருக்கும் முனைகளை வெளிக்கொணர்ந்து, புது வில்லையைப் புறத்தே இணைப்பது பழுதுபார்ப்போர் கண்ட வழி.

இத்தனை பாடுபட்டு ஒரு பழம்பலகையை மீட்பானேன் என்ற வினாவுக்கு விடை சில்லுகளின் பிறப்பிடத்தில் இருக்கிறது. அமிகாவின் பலகையில் உள்ள 74 வரிசைத் தர்க்கச் சில்லுகள் இன்றும் உற்பத்தியாகின்றன. அதன் செயலியான 68000ஐ மோட்டோரோலாவைத் தவிர ஹிட்டாச்சி உள்ளிட்ட பல நிறுவனங்களும் உரிமம் பெற்றுத் தயாரித்ததால் அதற்கும் பஞ்சமில்லை. ஆனால் படத்தையும் ஒலியையும் நினைவக அணுக்கத்தையும் ஆண்ட ஆக்னஸ், டெனிஸ், பாலா ஆகிய மூன்றும் அமிகாவுக்கென்றே வடிக்கப்பட்டவை. அவை கொமடோர் 1976இல் வாங்கிய எம்ஓஎஸ் டெக்னாலஜியின் பென்சில்வேனிய ஆலை வழிவந்தவை. சொந்தச் சில்லாலை வைத்திருந்ததுதான் கொமடோருக்குப் போட்டியாளரைவிட மலிவாக விற்கும் வலிமையைத் தந்தது. அதே ஏற்பாட்டினால், 1994 ஏப்ரலில் நிறுவனம் நொடித்தபோது அதன் தனிச்சில்லுகளுக்கு வேறு ஊற்றுக்கண் இல்லாமல் போயிற்று. ஆலை புதிய பெயரில் சில ஆண்டுகள் இயங்கி, 2001இல் மூடப்பட்டது. பொதுச் சந்தைச் சில்லுகளால் ஆன 386 பலகைகளின் கதி இதற்கு நேர்மாறு: எளிதில் மாற்றக்கூடியவை என்பதால் எவரும் அவற்றைப் பேணவில்லை, அரித்த பலகைகள் குப்பைக்குப் போய், இன்று அவையும் தேடப்படும் பொருளாகிவிட்டன.

உறுப்புத் தேடல் முதலில் வணிகர்களின் எஞ்சிய கையிருப்பையும், பின்னர் பழுதான கணினிகளைக் கழற்றி உறுப்பெடுப்பதையும் நம்பியிருந்தது. இது பொழுதுபோக்காளரின் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் விண்ணோடத் திட்டத்தினர், தரைச் சோதனைக் கருவிகளுக்காக இன்டெல் 8086 சில்லுகளை இணைய ஏலங்களில் தேடிய செய்தி 2002இல் வெளிவந்தது. மிச்சிகனின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் 19 பள்ளிகளின் வெப்பமூட்டலை ஓர் அமிகா 1980களிலிருந்து கட்டுப்படுத்தி வந்தது 2015இல் தெரியவந்தது. தேவை பெருகப் பெருகப் போலிகளும் பெருகின. மின்னணுக் கழிவுகளிலிருந்து பிய்த்தெடுத்த சில்லின் தலைப்பகுதியைத் தேய்த்து, கரும்பூச்சுப் பூசி, வேறு எண்ணைப் பொறித்து விற்பது சீனத்தின் குவாங்டாங் வட்டாரத்துச் சந்தைகளில் பரவியது. அமெரிக்க இராணுவக் கருவிகளுக்குள்ளும் இவை நுழைந்துவிட்டதை அந்நாட்டு மேலவைக் குழு 2012இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அசெட்டோனில் நனைத்த பஞ்சால் சில்லின் முகத்தைத் துடைத்து, கருமை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பது வாங்குவோரின் எளிய சோதனை.

அண்மைக் காலத்தில் உறுப்பு தேடுவதோடு உறுப்பை மீண்டும் ஆக்குவதும் சேர்ந்துள்ளது. டென்னிஸ் வான் வீரன் 2007இல் வெளியிட்ட மினிமிக், அமிகாவின் தனிச்சில்லுகளின் செயல்களை எஃப்பிஜிஏ எனப்படும், தேவைக்கேற்ப உட்சுற்றை வகுத்துக்கொள்ளக்கூடிய சில்லில் மறுபடைப்புச் செய்து, அதன் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தது. வேறு சிலர் பழைய தாய்ப்பலகைகளைத் தடம் தடமாக ஆராய்ந்து, அதே அளவில் வெற்றுப்பலகைகளைப் புதிதாக அச்சிடத் தொடங்கினர். இவற்றில் பழைய மின்கலத்துக்குப் பதிலாக வில்லை மின்கலத்துக்கே இடம் விடுவது வழக்கமாகியிருக்கிறது. ஆயினும் வெற்றுப்பலகைக்குத் தனிச்சில்லுகள் வேண்டும். அவை மற்றோர் அமிகாவிலிருந்தே வந்தாக வேண்டும். மீட்கவே இயலாதபடி அரித்துப்போன ஏ4000 பலகைக்கு இப்போது கிடைக்கும் மதிப்பு இதிலிருந்து பிறந்ததே. காரம் செம்பைத் தின்றதே தவிர, பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் பொதிந்த சில்லுகளின் உட்பகுதியைப் பல வேளைகளில் தொடவில்லை. கால்களைத் துலக்கிப் புதுப் பலகையில் ஏற்றினால் அவை மறுபடி இயங்குகின்றன. அவ்வாறு எழுந்த கணினி பழையதா புதியதா என்பதில் சேகரிப்பாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தடங்களைக் கம்பியால் தைத்து மூலப்பலகையையே காப்பவர்களின் பொறுமை போற்றத்தக்கது. எனினும், பலகை அச்சுத் தொழிலின் விளைபொருள், சில்லுகளோ மூடப்பட்ட ஓர் ஆலையின் எஞ்சிய விளைச்சல் என்பதைக் கருதும்போது, இரண்டில் ஒன்றையே காக்க முடியும் என்ற நிலை வந்தால் சில்லுகளைக் காப்பதே வரலாற்றுக்குச் செய்யும் பெரிய தொண்டு.